மிளகாயும் சீஸும் பூசிய பாண்

அமெரிக்கா என்றதும் நியூயோர்க் நகரத்து மாடிக் கட்டடங்கள்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். அந்த நாட்டின் தென்கிழக்கே, அத்திலாந்திக் சமுத்திரக் கரையில், தென் கரோலைனா என்றொரு மாநிலம் இருக்கிறது. ஒரு காலத்தில் நெல்லும் பருத்தியும் விளைந்த மண். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அந்த மாநிலத்தின் வடமேற்கு மூலையிலுள்ள கிறீன்வில் நகரத்தில் மூன்று வாரங்கள் தங்கியிருக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சமூகப் பணியாளர்களுக்கான பயிற்சி அது. பயிற்சியில் படித்தவற்றை அறிக்கையாக எழுதிக் கொடுத்துவிட்டேன். இங்கே எழுதப்போவது அந்த ஊரைப் பற்றியும், அங்கே மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டிகளுக்குள் நான் கண்ட ஒரு பாண் பூச்சைப் பற்றியும்தான்.

கிறீன்வில் நகரத்தின் நடுவே றீடி என்ற சிறிய ஆறு ஓடுகிறது. நாணல் ஆறு என்று நம் மொழியில் சொல்லலாம். கடைத்தெருவிலிருந்து சிறிது தூரம் நடந்தால் ஆறு பாறைகளில் விழும் அருவியைக் காணலாம். அதன்மேல் நடந்து போவோருக்கென்று 2004இல் திறந்த தொங்குபாலம் இருக்கிறது. மாலையில் பிள்ளைகளோடு தாய்மார் வந்து புல்லில் அமர்ந்திருப்பார்கள். பார்த்தால் எப்போதும் அழகாக இருந்த இடம் போலத் தோன்றும். ஆனால் ஊர்க்காரர் வேறு கதை சொல்கிறார்கள். முன்பு நகரைச் சுற்றிலும் நெசவாலைகள் இருந்தன. ஆலையில் எந்தச் சாயம் போடுகிறார்களோ அந்த நிறத்தில் அன்றைக்கு ஆறும் ஓடுமாம்.

அந்த ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவிட்டன. வேலை குறைந்த கூலி கொடுக்கும் நாடுகளுக்குப் போய்விட்டது. நம்முடைய நாடும் அவற்றில் ஒன்று. நம் பிள்ளைகள் தைக்கும் உடுப்புகள் அந்த ஊர்க் கடைகளில் தொங்குவதைப் பார்த்தேன். கழுத்துப் பட்டியைத் திருப்பி ‘சிறீ லங்கா’ என்ற எழுத்தைப் பார்த்தபோது, ஒரு நெசவாலைத் தொழிலாளியின் மகள் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் தங்கியிருந்த வீட்டு அம்மாதான் அவர். வயது எழுபதுக்கு மேல். அவருடைய தாயார் பெரிய ஆலையொன்றில் நூல் நூற்கும் பகுதியில் வேலை செய்தவராம். சில ஆலைக் கட்டடங்கள் இப்போது வசதியானவர்கள் குடியிருக்கும் தொடர்மாடி வீடுகளாகிவிட்டன. செங்கற்சுவர் மட்டும் அப்படியே நிற்கிறது.

முதல்நாள் பயிற்சிக்குப் புறப்படும்போது அந்த அம்மா எனக்கு ஒரு பொதி கட்டித் தந்தார். இரண்டு வெள்ளைப் பாண் துண்டுகள். நடுவில் செம்மஞ்சள் நிறத்தில் ஏதோ தடித்த பூச்சு. அதற்குள்ளே சிவப்புச் சிவப்பாகச் சிறு துண்டுகள். உறைக்கும் என்று எதிர்பார்த்துக் கடித்தேன். உறைக்கவில்லை. சீஸின் உப்பும் புளிப்பும் முதலில் வந்தன. பிறகு சுட்ட மிளகாயின் இனிப்பு மெதுவாக வந்தது. அடுத்த மேசைக்காரர்களின் பெட்டிகளிலும் அதே சாமான். “பமென்னா சீஸ்” என்றார்கள். கடையில் விற்கும் போத்தலில் ‘பிமென்டோ சீஸ்’ என்று எழுதியிருக்கிறது. எழுத்து ஒன்று, வாயில் வருவது இன்னொன்று. “வெளியூர்க்காரர்தான் எழுத்துக்கு எழுத்து சொல்லுவினம்” என்கிற மாதிரி அந்த அம்மா சிரித்தார்.

செய்முறை சுலபம். செடார் சீஸ் கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவாக எடுத்துத் துருவிக்கொள்ள வேண்டும். மூன்றில் ஒரு கோப்பை மயோனைஸ், அதாவது முட்டையும் எண்ணெயும் வினாகிரியும் சேர்த்து அடித்த வெண்ணிறக் குழம்பு. சுட்டுத் தோலுரித்த பிமென்டோ மிளகாய் ஒரு சிறு போத்தல், தண்ணீரை வடித்துவிட்டுப் பொடியாக வெட்டியது. விருப்பமென்றால் துருவிய வெங்காயம் ஒரு கரண்டி, மிளகுத்தூள், சிட்டிகை மிளகாய்த்தூள். கரண்டியால் பிசைந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடலாம். அடுப்பு மூட்டத் தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு விதம். மிசிசிப்பிப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தென்பகுதி உணவுப் பண்பாட்டு அமைப்பு 2003இல் இதற்கென்றே ஒரு போட்டி வைத்தபோது நூற்றுக்கணக்கான செய்முறைகள் வந்து குவிந்தனவாம். நம் வீடுகளில் மீன்குழம்பைப் பற்றிப் பேச்செடுத்தால் நடப்பதுதான்.

பிமென்டோ என்பது இதய வடிவில், தடித்த சதையோடு, நன்றாகச் சிவந்து பழுக்கும் ஒரு மிளகாய். உறைப்பு அநேகமாக இல்லை. மத்திய கிழக்கு நாடுகளில் வீட்டு வேலைக்குப் போய் வந்த சகோதரிகளுக்கு அது தெரிந்திருக்கும். போத்தலில் வரும் பச்சை ஒலிவ் காயின் நடுவே செருகியிருக்கும் சிவப்புத் துண்டு அதுதான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஸ்பானிய மொழியில் மிளகுக்குப் ‘பிமியென்டா’ என்று பெயர். மிளகு தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் 1492இல் போய்ச் சேர்ந்தது இந்தியாவுக்கு அல்ல, அமெரிக்கத் தீவுகளுக்கு. அங்கே மிளகு இல்லை, உறைக்கும் ஒரு காய் இருந்தது. ஸ்பானியர் மிளகின் பெயரையே கொஞ்சம் மாற்றி அதற்குப் ‘பிமியென்டோ’ என்று வைத்தார்கள். அமெரிக்கர் வாயில் அது பிமென்டோவாகி, தென் மாநிலத்தார் வாயில் பமென்னாவாகிவிட்டது. யமேக்காத் தீவிலே பிமென்டோ என்று கேட்டால் மிளகாய் தரமாட்டார்கள். மிளகு போலவே உருண்டையாக இருக்கும் வேறொரு வாசனைச் சரக்கைத் தருவார்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு நம்முடைய சொல்தான் நினைவுக்கு வந்தது. போர்த்துக்கேயர் காலத்தில், 16ஆம் நூற்றாண்டில், அந்தக் காய் நம் பக்கம் வந்தபோது நாமும் அதைத்தானே செய்தோம்? மிளகு போல் உறைக்கும் காய், மிளகாய். சிங்களத்தில் மிரிஸ் என்று முன்பு மிளகைத்தான் சொன்னார்கள். புதிய காய் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதும் பழைய மிளகு ‘கம்மிரிஸ்’, ஊர் மிரிஸ், ஆகிவிட்டது. வந்தது வீட்டுக்காரியாக, இருந்தது ஊர்க்காரியாக. சமூகவியல் படித்த காலத்தில் இப்படிப்பட்ட சொற்களுக்குப் பின்னால் அலைந்திருக்கிறேன். வயிற்றுப்பாட்டுக்கு உதவாது என்று வீட்டில் சொல்வார்கள்.

‘எங்கள் தெற்குச் சாப்பாடு’ என்று அங்குள்ளவர்கள் பெருமையோடு சொல்லும் இந்தப் பூச்சு தெற்கில் பிறந்ததல்ல. வடக்கே நியூயோர்க் மாநிலப் பால்பண்ணைகளில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மெதுவான கிறீம் சீஸ் செய்யத் தொடங்கினார்கள். ஸ்பெயினிலிருந்து ரின்னில் அடைத்த பிமென்டோ கப்பலில் வந்தது. இரண்டையும் சேர்த்து, பணக்காரப் பெண்களின் தேநீர் விருந்துகளுக்கு மெல்லிய சான்ட்விச் செய்தார்கள். 1910 அளவில் தொழிற்சாலையில் செய்த பிமென்டோ சீஸ் நாடெங்கும் விற்பனையாகியது. அதே காலத்தில் ஜோர்ஜியா மாநிலத்தின் கிறிபின் என்ற ஊர்ப்பக்கத்தில் றீகல் குடும்பத்தினர் ஸ்பெயின் விதையைத் தருவித்து நட்டார்கள். அந்த மிளகாயின் தோல் தடிப்பானது. கையால் சுட்டு உரிப்பது பெரும் வேலை. மார்க் றீகல் என்பவர் அதைச் சுட்டு உரிக்க ஓர் இயந்திரம் செய்தார். பிறகு பருத்தி நட்ட நிலங்களில் மிளகாய் ஏறியது. ரின் விலை இறங்கியது. தேநீர் விருந்துச் சாப்பாடு ஏழைகளின் சாப்பாடாகியது.

ஆலைத் தொழிலாளருக்கு அது வாய்த்த சாப்பாடு. மத்தியானத்தில் வீட்டுக்குப் போய் வர நேரமில்லை. இறைச்சி வாங்கக் காசு போதாது. இந்தப் பூச்சு மலிவு, வயிறு நிறையும், ஒரு கையால் தின்னலாம். சான்ட்விச், பிஸ்கற், சோடா ஏற்றிய தள்ளுவண்டி இயந்திரங்களுக்கு நடுவே வரும். அந்த அம்மாவின் தாயார் நூல் அறுகிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே வாயால் தின்பாராம். பஞ்சுத் தூசி பாணில் படியும், அதையும் சேர்த்துத்தான் விழுங்கியதாம். எமிலி வாலஸ் என்ற பெண் இந்த ஆலைப் பகுதிச் சாப்பாட்டைப் பற்றியே வட கரோலைனாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு எழுதிப் பட்டம் பெற்றிருக்கிறார். அடுப்படி விடயத்தைப் படிப்பாக மதித்த பல்கலைக்கழகத்தையும் மெச்சத்தான் வேண்டும்.

கிறீன்வில்லில் நான் அதிகம் விசாரித்தது யூஜினியா டியூக் என்ற பெண்ணைப் பற்றி. 1917இல் அமெரிக்கா முதலாம் உலகப் போரில் இறங்கியது. கிறீன்வில்லுக்குப் பக்கத்தில் செவியர் முகாம் என்று ஒரு பெரிய இராணுவப் பயிற்சி முகாம் திறந்தார்கள். இராணுவ முகாம் என்றதும் நமக்கு வேறு நினைவுகள் வரும். எனக்கும் வந்தன. ஆனால் அந்தப் பெண்ணுக்கு அவர்கள் தம் சொந்த நாட்டுப் பிள்ளைகள். கடல் தாண்டிப் பிரான்சுக்குச் சண்டைக்குப் போகக் காத்திருந்தவர்கள். குடும்பச் செலவுக்குத் துணையாக இருக்கட்டும் என்று, யூஜினியா தம் வீட்டுக் குசினியில் சான்ட்விச் செய்து முகாமின் சிற்றுண்டிச்சாலைகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார். முட்டை, கோழி, பிமென்டோ சீஸ். பூச்சுக்கு வேண்டிய மயோனைஸும் அவரே அடித்தது. மற்றவர்களைப் போல அவர் அதில் சீனி சேர்க்கவில்லை.

ஒரு சான்ட்விச் 10 சதம். அதில் அவருக்கு மிஞ்சியது 2 சதம் என்று சொல்லப்படுகிறது. 1919இல் ஒரே நாளில் 10,000க்கு மேல் விற்றாராம். கணக்குப் போட்டுப் பாருங்கள், 2 சதப்படி 200 டொலர். அந்தக் காசை அவர் நகைக்கோ புடவைக்கோ போடவில்லை. சாமான் ஏற்றிப் போக ஒரு லொறி வாங்கினார். போர் முடிந்து முகாம் மூடப்பட்டது. வாடிக்கையாளரெல்லாம் ஊருக்குப் போய்விட்டார்கள். நம் ஊர்களில் அகதி முகாம் வாசலில் தேநீர்க்கடை போட்ட பெண்களுக்கு, முகாம் கலைந்த அடுத்தநாள் என்ன நடந்தது என்பது எங்களுக்குத் தெரியும். யூஜினியா நகரத்து மருந்துக் கடைகளின் உணவுத் தட்டுகளுக்குச் சான்ட்விச்சை மாற்றிவிட்டார். ஊர் திரும்பிய படைவீரர்களும் சும்மா இருக்கவில்லை. அந்த மயோனைஸ் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் கடிதம் எழுதினார்கள்.

அவரிடம் வேலை செய்த விற்பனையாளர் ஒருவர் 1923இல், மயோனைஸைத் தனியாகப் போத்தலில் விற்கலாமே என்றார். யூஜினியா கேட்டுக்கொண்டார். சான்ட்விச் வியாபாரத்தைத் தம் கணக்குப்பிள்ளைக்கு விற்றுவிட்டு, றீடி ஆற்றங்கரையில் முன்பு குதிரைவண்டி செய்த கட்டடத்தில் மயோனைஸ் தொழிற்சாலை போட்டார். அந்தக் கட்டடத்தைப் போய்ப் பார்த்தேன். இப்போது இசை, நாடக அரங்குகள் உள்ள வளாகத்தோடு சேர்ந்து நிற்கிறது. 1929இல் தொழிலை ரிச்மண்ட் நகரத்து சோவர் கம்பனிக்கு விற்றார். பிறகு கலிபோர்னியாவில் இருந்த மகளோடு இருக்கப் போனவர், அங்கும் சும்மா இருக்காமல் இன்னொரு சான்ட்விச் கம்பனி தொடங்கினாராம். அவருடைய பெயரில் ‘டியூக்’ என்பது இன்றும் போத்தலில் இருக்கிறது. கம்பனி கைமாறிவிட்டது, பெயர் மாறவில்லை.

அவர் சான்ட்விச் விற்கத் தொடங்கிய காலத்தில் அந்த மாநிலத்துப் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. 1920இல்தான் அமெரிக்கப் பெண்கள் அனைவருக்கும் சட்டப்படி அது வந்தது. தென் கரோலைனாச் சட்டசபை அந்தத் திருத்தத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்து வைத்தது 1969இல். நமக்கு 1931இலேயே கிடைத்துவிட்டது என்று நான் சொன்னபோது பயிற்சிக்கு வந்திருந்த இளம்பெண்கள் நம்பவில்லை.

பெண்களுக்கெல்லாம் என்று எழுதிவிட்டேன். தெற்கில் கறுப்பினப் பெண்களை வாக்குச்சாவடியிலிருந்து தடுத்து நிறுத்த வேறு சட்டங்களும் தந்திரங்களும் இருந்தன. சான்ட்விச் விற்ற உணவுத் தட்டுகளிலும் அவர்கள் அமர முடியாது. காசு கொடுத்தாலும் முடியாது. அதே காலத்தில் வெள்ளையர் வீடுகளில் சமையல் வேலைக்குப் போனவர்களில் மிகப் பலர் அவர்கள்தான். பாணில் பூசிய கை அமரக்கூடாத கதிரை அது. 1960 ஓகஸ்ட் மாதம் கிறீன்வில்லில் ஒரு கடையின் உணவுத் தட்டில் பத்துக் கறுப்பின இளைஞர்கள் போய் அமர்ந்தார்கள். கைதுசெய்தார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 1963இல் அவர்களுடைய தண்டனை தள்ளுபடியானது. நகரின் முக்கிய வீதியில், வொஷிங்டன் வீதி சந்திக்கும் மூலையில், கறுப்பினப் பிள்ளைகள் படித்த ஸ்ரேர்லிங் உயர்தரப் பாடசாலையின் மாணவர் இருவரது வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. தென்னகப் பழம்பெருமை பேசி அந்தச் சான்ட்விச்சை விற்கும் கடைகளில் இந்தக் கதையை யாரும் எழுதி வைப்பதில்லை. நான் கேட்டபோது வீட்டு அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அதுவும் நடந்ததுதான்” என்றார்.

ஜோர்ஜியா எல்லையிலே ஒகஸ்ரா என்ற நகரம். ஒவ்வொரு வருடமும் ஏப்ரலில் அங்கே மாஸ்டர்ஸ் என்ற கோல்ப் போட்டி நடக்கும். பணக்காரர் விளையாட்டு. ஆனால் அங்கே விற்கும் பிமென்டோ சீஸ் சான்ட்விச் 1 டொலர் 50 சதம்தான். 1940களின் பிற்பகுதியில் ஹேர்ண்டன் என்ற கணவனும் மனைவியும் வீட்டில் செய்து 25 சதத்துக்கு விற்றது. பிறகு நிக் றாங்கோஸ் என்பவர் நாற்பது வருடங்களுக்கு மேல் செய்து கொடுத்தார். 1998க்குப் பிறகு அந்த வேலையை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டார்கள். செய்முறையைக் கேட்டபோது றாங்கோஸ் சொல்ல மறுத்துவிட்டார். புதியவர்கள் அந்த ருசியைக் கண்டுபிடிக்கப் பட்டபாடு பெரும்பாடு. எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. கைப்பக்குவம் என்பது இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிற சாமான் அல்ல.

இதைச் செய்து விற்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. நம்மூரில் சீஸ் விற்கும் விலைக்கு அது கட்டாது. மயோனைஸ் நமது வெயிலில் குளிர்பெட்டி இல்லாமல் ஒருநாளும் நில்லாது, வயிற்றைக் கெடுக்கும். நமக்கு இடிச்ச சம்பல் இருக்கிறது, மோர்மிளகாய் இருக்கிறது, பயற்றம்பணியாரம் இருக்கிறது. ஊர் திரும்பிய பிறகு, முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் யூஜினியாவின் கதையைச் சொன்னேன். வந்திருந்தவர்களில் பாதிப்பேர் தனியாகக் குடும்பத்தைக் கொண்டு நடத்துகிறவர்கள். கிழமைக்குக் கிழமை கடன்காரர் வாசலுக்கு வருகிற வீடுகளும் அதில் உண்டு. லொறி வாங்கிய இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

“மிஸ், அந்த ரெண்டு சதத்துக்குள்ளயோ அவவின்ர கூலியும்?”

கூட்டம் பிறகு அந்தக் கேள்வியோடுதான் போனது. பயற்றம்பணியாரம் செய்து கடைகளுக்குக் கொடுக்கும் நால்வர் தங்கள் கணக்கைச் சொன்னார்கள். பயறு, அரிசிமா, தேங்காய், சீனி, எண்ணெய், பைக்கற், லேபிள் எல்லாம் இருந்தது. விறகை இருவர் சேர்த்திருந்தார்கள். பயறு வறுத்த நேரம், மா அரித்த நேரம், அடுப்புக்கு முன்னால் நின்ற நேரம் ஒருவருடைய கொப்பியிலும் இல்லை. “நான் நிண்ட நேரத்துக்கு ஆர் காசு தாறது?” என்று ஒருவர் கேட்டார். “நீ தோட்டத்துக்குக் கூலிக்குப் போனா தருவினம்தானே” என்றார் அந்த அக்கா.

அடுத்த கூட்டத்துக்கு மணிக்கூட்டைப் பார்த்து எழுதி வருவதாக நால்வரும் சொன்னார்கள். இருவர் எழுதி வந்தார்கள். அதில் ஒருவர் பைக்கற்றுக்கு 20 ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் முகத்தைச் சுளித்து, மூன்று நாள் எடுக்காமல் விட்டு, நாலாம் நாள் 10 ரூபாய்க்குச் சம்மதித்தாராம்.